எது வரைக்கும் புரிஞ்சுது?

"அண்ணா, இந்த வருஷம் மலருக்கு நீங்க எழுதியே ஆகணும்" என்று மலர்க் குழுத் தம்பி ஒருவர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டபோது, வழக்கம்போல விடுதி நினைவுகள் நாலு எழுதித் தப்பித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் விடவில்லை. "விடுதிச் சாம்பாரைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்கண்ணா. நீங்க உங்க வேலையைப் பத்தி எழுதுங்க. அது என்ன வேலைன்னே இங்க நிறையப் பேருக்குத் தெரியாது" என்றார்.

அவர் மேல் குற்றமில்லை. இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர் என்று என் விசிட்டிங் கார்டில் அச்சிட்ட நாளிலிருந்து, அதை வாங்கிப் பார்த்தவர்களில் பாதிப் பேர் என்னைக் கட்டட டிசைனர் என்றும், மீதிப் பேர் துணி டிசைனர் என்றுமே எண்ணியிருக்கிறார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் என் மாமனார், "ஏனுங் தம்பி, நீங்க வாத்தியாருங்களா, கம்ப்யூட்டருங்களா?" என்று கேட்டார். "ரெண்டுக்கும் நடுவுலீங்க" என்றேன். "நடுவுலீன்னா சம்பளம் யாரு குடுப்பாங்க?" என்றார். நியாயமான கேள்விதான்.

பாடத்தை வடிவமைப்பதே என் தொழில். யாருக்குச் சொல்லித் தருகிறோம், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எதை முதலில் சொல்வது, எதைப் பின்னால் வைப்பது, எங்கே செய்து பார்க்க விடுவது, கற்றுக்கொண்டார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று உட்கார்ந்து யோசிக்கும் வேலை. அதன்பிறகே கரும்பலகையா, அட்டையா, டி.வி.யா, கம்ப்யூட்டரா என்ற பேச்சு வரும்.

புதிய படிப்பு ஒன்றும் இல்லை இது. சென்னிமலையில் ஒரு நெசவாளர் தம் மகனை முதல் நாளே தறிக் குழியில் இறக்கிவிட மாட்டார். முதலில் தார் சுற்றச் சொல்வார். பிறகு அறுந்த இழையைப் பிணைக்கச் சொல்வார். நூல் கைக்குப் பழகிய பின்தான் நாடா ஓட்டத் தருவார். அந்த வரிசையை எந்தப் புத்தகத்திலிருந்தும் அவர் படிக்கவில்லை. ஆனால் எங்கள் தொழிலின் பாதி அந்த வரிசையில் அடங்கியிருக்கிறது.

எனக்கு இந்தத் தொழிலின் அரிச்சுவடியைக் கற்றுத் தந்தது பெருந்துறைதான். 1980களின் பின்பாதியில் நாங்கள் வந்து சேர்ந்தபோது, வகுப்பில் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் கணிசமானோர். வீட்டில் முதல் பட்டதாரி என்பவர்களும் அநேகம். ஆங்கிலத்தில் தெர்மோடைனமிக்ஸ் பாடம் ஓடும். ஆசிரியர் நல்லவர்தான், மணிக்கொரு தரம் நின்று, "புரிஞ்சுதா?" என்று கேட்பார். அறுபது பேரும் ஒரே குரலில், "புரிஞ்சுதுங்க சார்" என்போம். நம் ஊர் மரியாதை அப்படி. வாத்தியார் கேட்டால் இல்லை என்று சொல்லி நமக்குப் பழக்கமில்லை. முதல் பருவத் தேர்வில் அந்த 'ங்க'வின் உண்மை விலை தெரிந்தது. எனக்கு மூன்று பாடம் நின்றுபோயிற்று.

விடுதியில் பக்கத்து அறை அண்ணன் ஒருவர் அன்று இரவு என் நோட்டை வாங்கிப் புரட்டினார். "புரிஞ்சுதா?" என்று கேட்கவில்லை. "எது வரைக்கும் புரிஞ்சுது?" என்று கேட்டார். அதற்குப் பொய் சொல்ல வழியில்லை. பக்கம் பக்கமாகப் பின்னால் போய், கடைசியில் ஒன்பதாம் வகுப்பு இயற்பியலில் போய் நின்றோம். அங்கிருந்து ஆரம்பித்தார். அடுத்த தேர்வில் மூன்று பாடமும் கரையேறியது. அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே என் பிழைப்பு இத்தனை ஆண்டுகள் ஓடியிருக்கிறது. கல்வித் தொழில்நுட்பத்தின் வரலாற்றையும் அதே கேள்வியை வைத்துப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரை.

மணலில் எழுதிய விரல்

கல்வித் தொழில்நுட்பம் என்றாலே அமெரிக்காவில் பிறந்து நம்மிடம் வந்தது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. உண்மையில் அதன் பழைய அத்தியாயம் ஒன்று நம் திண்ணையில் எழுதப்பட்டது.

1789இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் ஆதரவற்ற பையன்களுக்காக நடந்த பள்ளியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். ஆசிரியர்கள் போதவில்லை, இருந்தவர்களுக்கும் ஆர்வமில்லை. ஒரு நாள் வழியில் உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்தார். காகிதம் வேண்டாம், மை வேண்டாம். தவறாக எழுதினால் கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். இதைத் தம் பள்ளியிலும் செய்யுங்கள் என்று ஆசிரியரிடம் சொன்னார். அவர் முடியாது என்றார். பெல் அந்த வேலையை எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் ஒப்படைத்தார். அவன் தன்னிலும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டான்.

நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித் தருவது இங்கே காலங்காலமாக நடந்து வந்த ஏற்பாடு. பெல் 1796இல் நாடு திரும்பி, மறு ஆண்டே தம் சோதனையைப் பற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் அம்முறை இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. அவர் விட்டுச் சென்ற செல்வத்தில் எழுந்த 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளி ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் நடக்கிறது.

அம்முறையில் குறைகளும் இருந்தன. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைத்து, மலிவான கல்வி என்று ஆட்சியாளர்கள் கணக்குப் போட அது வழிவிட்டது. ஆனால் இரண்டு விஷயங்கள் அதில் இருந்தன. மாணவன் சும்மா கேட்டுக்கொண்டிராமல் தன் விரலால் செய்கிறான். அவன் செய்தது சரியா என்று பக்கத்தில் இருப்பவன் உடனே பார்த்துச் சொல்கிறான்.

மகள் வகுப்பில் ஒரு தகப்பன்

இந்த இரண்டையும் யந்திரத்தில் அடைக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டில் தொடங்கியது. 1920களில் அமெரிக்காவின் ஒஹையோவில் சிட்னி பிரெஸ்ஸி என்ற உளவியல் பேராசிரியர், விடையைத் தேர்ந்து பொத்தானை அமுக்கும் சிறிய பெட்டி ஒன்றைச் செய்தார். அது அப்போது எடுபடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது இலட்சக்கணக்கான சிப்பாய்களைச் சில வாரங்களில் பழக்க வேண்டி வந்ததால், அமெரிக்க இராணுவம் பயிற்சிப் படங்களைத் தயாரித்துத் தள்ளியது. உளவியல் அறிஞர்களைக் கூட்டி வைத்து, ஒரு வேலையை எப்படிப் படிப்படியாகக் கற்றுத் தருவது என்று ஆராயச் சொன்னது. எங்கள் தொழிலின் முறையான வேர் அங்கேதான் இருக்கிறது.

1953இல் ஹார்வர்டு பேராசிரியர் பி.எஃப். ஸ்கின்னர் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். கணக்கை முடித்துவிட்ட பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்க, தெரியாத பிள்ளைகள் திணறிக்கொண்டிருந்தனர். போட்ட கணக்கு சரியா தப்பா என்று அன்று யாருக்கும் தெரியாது; நோட்டுத் திருத்தி வந்தால்தான் தெரியும். வீடு திரும்பிய ஸ்கின்னர் ஒரு கற்பிக்கும் யந்திரத்தைச் செய்யத் தொடங்கினார். பாடத்தைச் சின்னஞ்சிறு படிகளாக நறுக்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி வைத்து, விடையை உடனே காட்டும் யந்திரம் அது. அவரவர் வேகத்தில் அவரவர் போகலாம்.

யந்திரம் நிலைக்கவில்லை. ஆனால் அதற்குப் பாடம் எழுத உட்கார்ந்தவர்களுக்கு ஒரு சங்கடம் வந்தது. இந்தப் பாடத்தின் முடிவில் மாணவன் என்ன செய்ய வேண்டும் என்பது ஆசிரியருக்கே தெளிவாக இல்லை என்று கண்டுகொண்டார்கள். 1962இல் ராபர்ட் மேகர் எழுதிய சிறிய புத்தகம் அந்த இடத்தில் கை வைத்தது. 'மாணவர் அறிவார்', 'புரிந்துகொள்வார்' என்றெல்லாம் எழுதாதே. 'வரைவார்', 'கழற்றி மாட்டுவார்', 'கணக்கிடுவார்' என்று கண்ணால் பார்க்கக்கூடிய வினைச்சொல்லாக எழுது என்றார். என் வகுப்பின் "புரிஞ்சுதுங்க சார்" இதில் மாட்டிக்கொண்டது. புரிந்ததா என்று கேட்காதே, செய்து காட்டச் சொல் என்பதே இதன் சாரம். 1965இல் ராபர்ட் கான்யே என்பவர் ஒரு திறனுக்கு முன் எந்தத் திறன் வந்திருக்க வேண்டும் என்று அடுக்கிக் காட்டினார். சென்னிமலைத் தார் சுற்றும் வரிசைக்கு அவர் இலக்கணம் எழுதிவிட்டார் என்று சொல்லலாம்.

இந்தியாவும் இதைக் கேள்விப்படாமல் இல்லை. கற்றலின் படிநிலைகளை 1956இல் வகுத்து வெளியிட்ட பெஞ்சமின் புளூம், அடுத்த சில ஆண்டுகளிலேயே இங்கு அழைக்கப்பட்டுத் தேர்வுச் சீர்திருத்தப் பயிலரங்குகள் நடத்தினார். மனப்பாடத்தை மட்டும் சோதிக்காத வினாத்தாள் எப்படி அமைய வேண்டும் என்று நம் ஆசிரியர்களுடன் உட்கார்ந்து பேசினார். இன்று நம் கல்லூரிகளின் வினாத்தாள்களில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் புளூம் நிலையைக் குறிக்கிறார்கள்.

அவினாசி ரோட்டில் ஒரு பாடம்

பெருந்துறையிலிருந்து கோவைக்குப் பஸ் ஏறியவர்கள் எல்லோரும் 'ஹோப் காலேஜ்' என்று கண்டக்டர் குரல் கொடுப்பதைக் கேட்டிருப்பார்கள். அங்கே அந்தப் பெயரில் எந்தக் காலேஜும் இல்லையே என்று நான் மாணவனாக இருந்தபோது குழம்பியதுண்டு. 1945இல் ஜி.டி. நாயுடு முன்னின்று தொடங்கிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியின் பெயர்தான் அது. அன்றைய மாகாண கவர்னரின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் மூலம் அதுவே. பிறகு தடாகம் ரோட்டுக்கு இடம் மாறியது. பஸ் ஸ்டாப்பில் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இன்ஜினீயரிங் படிப்புக்கு நாலு வருஷம் எதற்கு, இரண்டு வருஷம் போதும் என்பது நாயுடுவின் வாதம். அரசு ஒப்பவில்லை, அவர் விலகிக்கொண்டார். அவர் சொன்ன கணக்கு சரியா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர் என்று சொல்லப்படும் அந்த மனிதர் கேட்டது அசல் பாட வடிவமைப்பாளரின் கேள்வி: இதைக் கற்க உண்மையில் எவ்வளவு நேரம் தேவை? பாடத்தில் உள்ளவற்றில் எதை எடுத்துவிட்டால் வேலை கெடாது?

அதே சாலையில் சற்றுத் தள்ளிப் பீளமேட்டில் 1951இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. முதல் முதல்வர் ஜி.ஆர். தாமோதரன். பட்டறையும் வகுப்பும் ஒரே வளாகத்தில் இருக்க வேண்டும் என்பது அக்கல்லூரியின் போக்கு. அவர் 1940களின் இறுதியில் தொடங்கிய 'கலைக்கதிர்' இதழ், ஆங்கிலம் எட்டாத வாசகனுக்கு அறிவியலைத் தமிழில் எடுத்துச் சென்றது.

கோவை இராமகிருஷ்ண வித்யாலயத்தை 1930இல் நிறுவிய தி.சு. அவினாசிலிங்கம், 1946இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கி வைத்தார். அக்கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. அதன் முதன்மை ஆசிரியர் பெ. தூரன் நம் ஊர்க்காரர். மொடக்குறிச்சிக்குப் பக்கத்தில் மஞ்சக்காட்டுவலசு. அதை முடித்த கையோடு அவர் குழந்தைகளுக்கென்று தனியாகப் பத்துத் தொகுதிகள் கொண்டுவந்தார். அணுவைப் பற்றிப் பெரியவருக்கு ஒரு மாதிரியும் பத்து வயதுப் பிள்ளைக்கு வேறு மாதிரியும் எழுத வேண்டும் என்று உணர்ந்து, இரண்டையும் செய்து முடித்த ஆசிரியர் அவர். இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் என்ற சொல் அவர் காதில் விழுந்திருக்குமா என்பதே சந்தேகம். எது வரைக்கும் புரியும் என்ற கேள்வி மட்டும் அவர் மேசையில் எப்போதும் இருந்திருக்கிறது.

பெட்டிகள் வந்த காலம்

1964இல் சென்னை தரமணியில் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் முறையைக் கற்றுத் தருவதற்காகவே ஏற்பட்ட நிறுவனம் அது; 2003இல் பெயர் மாறி இன்றும் இயங்குகிறது. பாடநோக்கம் எழுதுவது எப்படி, கரும்பலகையைப் பிரிப்பது எப்படி என்று அங்கே போய்க் கற்று வந்த ஆசிரியர்கள் நம் பக்கத்துக் கல்லூரிகளிலும் இருந்திருக்கிறார்கள்.

1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டுக்கு அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை வாங்கி இஸ்ரோ நடத்திய 'சைட்' சோதனை உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களில் கம்பிவலை ஆன்டெனா நட்டு, டி.வி. வைத்துக் காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலையில் ஊராருக்கும் நிகழ்ச்சி காட்டினார்கள். தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. அதில் எனக்குப் பிடித்த அத்தியாயம் பிள்ளைகளின் நிகழ்ச்சி அல்ல. சுமார் 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்க அதே டி.வி.யில் பயிற்சி அளித்தார்கள். டி.வி. பார்த்துவிட்டுச் சும்மா எழுந்து போகவில்லை. அச்சிட்ட பாடக்குறிப்பும் கையால் செய்து பார்க்கும் வேலையும் உடன் இருந்தன. திரை ஒரு பாதி, கை மறு பாதி.

1983இல் இன்சாட்-1பி விண்ணில் ஏறிய பிறகு, 1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் 'நாடு தழுவிய வகுப்பறை' நிகழ்ச்சி தூர்தர்ஷனில் வந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அதற்காக நிகழ்ச்சி தயாரித்தார்கள். நல்ல நிகழ்ச்சிகள் பல இருந்தன. ஆனால் அது வகுப்பு நடக்கும் மதிய நேரம், மொழி ஆங்கிலம், கேள்வி கேட்க வழியில்லை. நம் விடுதி டி.வி. அறையில் கூட்டம் சேர்ந்தது வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நேரத்தில்தான் என்பதை என் வகுப்புத் தோழர்கள் மறுக்க மாட்டார்கள்.

அதே 1984இல் 'கிளாஸ்' என்ற திட்டத்தில் நாடெங்கும் 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்கள் வந்தன. பின்னர் மேலும் பல பள்ளிகளுக்கு விரிந்தன. இப்படி வந்த கம்ப்யூட்டர் அறை ஒன்றைப் பல ஆண்டுகள் கழித்து நான் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். யந்திரங்கள் மேல் பூப்போட்ட உறை. சாவி தலைமையாசிரியர் மேசையில். "பசங்க தொட்டா ரிப்பேர் ஆயிருங்க சார்" என்றார் பொறுப்பாசிரியர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ரிப்பேர் ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்; அதை வைத்து என்ன பாடம் நடத்துவது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

என் தவறு ஒன்று

பிறர் குறையை எழுதிவிட்டு என் குறையை மறைப்பது முறையாகாது. 1990களில் மல்டிமீடியா சி.டி. வந்த புதிதில் நானும் அந்த மயக்கத்தில் இருந்தேன். ஒரு நூற்பாலையில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு ரிங் ஃப்ரேம் வேலையைக் கற்பிக்கும் பாடம் எங்களிடம் வந்தது. ஆறு மாதம் உழைத்தோம். யந்திரத்தின் ஒவ்வொரு பாகமும் திரையில் சுழன்று வந்து பெயர் சொல்லும். பின்னணியில் இசை. மேலாளர்கள் பார்த்துக் கைதட்டினார்கள்.

ஆலையில் போட்டுக் காட்டிய அன்று, பதினெட்டு வயது இருக்கும் ஓர் அம்மிணி எழுந்து, "படம் ரொம்ப நல்லாருக்குதுங்க. ஆனா நூல் அறுந்தா எந்தக் கையில பாபினை எடுக்கோணும், எந்தக் கையில இழையைப் புடிக்கோணும்னு காட்டவே இல்லீங்களே" என்றாள். எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அவளுடைய வேலையே அதுதான். ஸ்பிண்டிலை நிறுத்தி, பாபினை எடுத்து, நுனியைத் தேடி, டிராவலரில் கோத்து, திரும்ப மாட்டி, மேலே ரோலரில் வரும் பஞ்சிழையோடு ஒட்ட வேண்டும். சில நொடிகளில் நடக்க வேண்டிய காரியம். பாகங்களின் பெயரைத் தெரிந்துகொண்டு அவள் என்ன செய்வாள்?

அவள் எது வரைக்கும் அறிவாள், எதைச் செய்ய வேண்டியவள் என்று நான் ஒரு முறைகூட ஆலைக்குள் நின்று பார்க்கவில்லை. விடுதி அண்ணன் பத்து நிமிடத்தில் எனக்குச் செய்ததை நான் ஆறு மாதத்தில் செய்யவில்லை. பிறகு ஒரு வாரம் அந்த ஷிப்டில் நின்று, அனுபவப்பட்ட சைடர் ஒருவரின் கைகளை மட்டும் படம் எடுத்தோம். இசை இல்லை, சுழலும் பாகம் இல்லை. இரண்டு கைகள், மெதுவாக, பிறகு வேகமாக. அந்தப் பாடம்தான் ஓடியது.

அட்டையும் ஏணியும்

தமிழ்நாட்டில் என் காலத்தில் நடந்த பெரிய பாட வடிவமைப்பு எது என்று கேட்டால், நான் எந்தக் கம்ப்யூட்டரையும் சொல்ல மாட்டேன். 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலைச் சொல்வேன்.

ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலியில், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்க்க வேண்டிய கிராமப் பள்ளிகளுக்காகப் பாடத்தை அட்டைகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் ஊக்கம் தர, ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்து வந்து, தங்கள் பாடப்புத்தகத்தை உட்கார்ந்து பிரித்தார்கள். ஒவ்வொரு அட்டைக்கும் யானை, பட்டம் போன்ற ஒரு சின்னம். எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்பதைச் சுவரில் மாட்டிய ஏணிப் படம் காட்டும். பிள்ளை தானே ஏணியைப் பார்த்து, தன் படியைக் கண்டு, தன் அட்டையை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்து செய்யும். ஒரு வாரம் பள்ளிக்கு வராத பிள்ளை விட்ட படியிலிருந்தே தொடரலாம். 2007-08இல் இது மாநிலம் முழுவதும் 37,000க்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குப் போயிற்று.

நம் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளியில் இதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஸ்கின்னர் மகளின் வகுப்பில் கண்ட குறைக்கு, மின்சாரம் இல்லாத வகுப்பறையில் அட்டைப் பெட்டி பதில் சொல்லிக்கொண்டிருந்தது. "எது வரைக்கும் புரிஞ்சுது?" என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, ஏணியில் பிள்ளையே விரல் வைத்துக் காட்டிவிடும்.

குறைகளும் வந்தன. அட்டை கிழிந்தால் மாற்று அட்டை வரத் தாமதம். பிள்ளைகள் அதிகமுள்ள வகுப்பில் ஆசிரியருக்குத் தலை சுற்றும். "புத்தகத்தைத் தொறக்காம என்னத்தப் படிக்கறான்?" என்று பெற்றோர் கேட்டார்கள். சென்னையில் ஆசிரியர்களே விரும்பிச் செய்தது, மற்ற இடங்களில் மேலிடத்து உத்தரவாகப் போனபோது சூடு குறைந்தது. பின்னர் முறை பலமுறை மாற்றப்பட்டது. பாடத்தை வடிவமைப்பவர் மறக்கக்கூடாத உண்மை இது. நடத்துகிறவருக்கு நம்பிக்கை இல்லாத பாடம், எவ்வளவு நன்றாக வடிவமைத்தாலும் அலமாரியில்தான் தூங்கும்.

மீண்டும் திண்ணைக்கு

இன்றைய மாணவர்களுக்கு மிகவும் பழக்கமானது என்பிடெல். 1999இல் பேச்சாகத் தொடங்கி, 2003இல் மத்திய அரசின் நிதியுடன் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்திய திட்டம். சென்னை ஐ.ஐ.டி.யும் அதன் அன்றைய இயக்குநர் எம்.எஸ். அனந்தும் அதற்கு முதுகெலும்பு. எங்கள் காலத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியரின் வகுப்பு என்பது கேள்விப்பட மட்டுமே முடிந்த ஒன்று. இன்று பெருந்துறை விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்கலாம். 2014இல் சான்றிதழ்த் தேர்வுடன் கூடிய படிப்புகள் தொடங்கிய பிறகுதான் மாணவர் கூட்டம் பெருகியது. வாராவாரம் ஒப்படைப்பு, கடைசி நாள், தேர்வு என்று வந்ததும், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் செய்யத் தொடங்கினார்கள். எழும்பூர் மணல் தட்டின் பாடம் இங்கும் செல்லுபடியாயிற்று.

பள்ளிகளிலும் 2018 முதல் பாடப்புத்தகத்தில் க்யூ.ஆர். கோடு வந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. மறு ஆண்டே கொரோனா வந்து பள்ளிகள் மூடியபோது, அந்தத் தொலைக்காட்சி பல வீடுகளுக்கு ஒரே பள்ளிக்கூடமாக இருந்தது. அதே நேரம் பெட்டியின் எல்லையும் தெரிந்தது. ஒரே போனை அப்பா வேலைக்கு எடுத்துப் போன வீடுகளில் வகுப்பு இரவில்தான் திறந்தது. திரும்பப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் எழுத்துக் கூட்டத் தடுமாறியவர்கள் ஏராளம்.

அரசு 2021 அக்டோபரில் கொண்டுவந்த 'இல்லம் தேடிக் கல்வி' அதற்கு மருந்தாக எதை நாடியது? தெருவில் படித்த பெண்களையும் இளைஞர்களையும் நாடியது. சுமார் 2 இலட்சம் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் வாசலிலும் கோயில் முற்றத்திலும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். செயற்கைக்கோள், கம்ப்யூட்டர், சி.டி., க்யூ.ஆர். கோடு எல்லாம் கடந்து, ஆண்ட்ரூ பெல் வழியில் நின்று பார்த்த அதே திண்ணைக்கு வந்து சேர்ந்தோம். யந்திரங்கள் வீண் என்று நான் சொல்லவில்லை. என் சோறே அதில்தான். பிள்ளை நின்றுபோன இடத்தைக் கண்டுபிடிக்க ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால்தான் பெட்டிக்கு உயிர் வருகிறது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. எந்தக் கேள்விக்கும் தமிழிலேயே பதில் சொல்கிறது, சலிப்பதில்லை, கேலி செய்வதில்லை. எது வரைக்கும் புரிந்தது என்று அதனாலும் கேட்க முடியும். நம் பிள்ளைகள் அதற்கும் "புரிஞ்சுதுங்க" என்று சொல்லிவிட்டு விடையை அப்படியே நகல் எடுத்தால், என் முதல் பருவத் தேர்வின் கதைதான் திரும்பும்.

இத்தொழிலுக்கு வர விரும்பும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். மென்பொருள்கள் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாறும்; அவற்றை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். முதலில் ஒருவருக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். உங்கள் அம்மாவுக்கு போனில் பணம் அனுப்பக் கற்றுக் கொடுங்கள். எங்கே தடுமாறுகிறார் என்று கோபப்படாமல் குறித்து வையுங்கள். எந்த நேர்காணலுக்கும் அதைவிட நல்ல தயாரிப்பு இல்லை.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாம் கூடும்போது கட்டடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நன்கொடை அறிவிக்கிறோம், நல்லதுதான். இந்த ஆண்டும் முதலாண்டு வகுப்பில் தமிழ்வழியில் வந்து, தலையாட்டிக்கொண்டு, மனதுக்குள் தவிக்கும் ஒரு தம்பியோ தங்கையோ இருக்கக்கூடும். முதல் பருவத் தேர்வுக்கு முன் நம்மில் பத்துப் பேர் சனிக்கிழமை மாலைகளில் விடுதிக்கு வந்து, நோட்டை வாங்கிப் புரட்டி, அந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். என் பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளும்படி மலர்க் குழுத் தம்பியிடம் சொல்லிவிட்டேன். மீதி ஒன்பது இடம் காலியாக இருக்கிறது.